குஜராத் ஆலைக்கு இடம்பெயரும் ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை: எவ்வளவு, எப்போது, எந்த நிபந்தனையில்?

கேள்வி: கோவை மனிதவளம்

வணக்கம். கோவையில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவுக்கு நான் பொறுப்பு வகிக்கிறேன். எங்களிடம் பொருள் வாங்கும் வாகன நிறுவனங்கள் குஜராத்தில் உற்பத்தியைப் பெருக்கிவருவதால், அகமதாபாத்தை அடுத்த சானந்தில் எங்களுடைய இரண்டாவது ஆலை விரைவில் இயங்கத் தொடங்கவிருக்கிறது. இயந்திரங்களும் கட்டடமும் ஏறத்தாழத் தயாராகிவிட்டன. ஆனால் அவற்றை ஓட்டவும், அங்கே புதிதாகச் சேரும் உள்ளூர்த் தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிக்கவும், கோவை ஆலையில் நெடுநாள் அனுபவம் பெற்ற அச்சுகளையும் கருவிகளையும் செய்யும் டூல்ரூம் பொறியாளர்கள், கணினிவழி இயங்கும் சிஎன்சி இயந்திரங்களை ஓட்டும் இயக்குநர்கள், பராமரிப்புப் பணியாளர்கள் ஆகியோரில் முப்பது பேராவது குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அங்கே சென்று தங்க வேண்டியிருக்கிறது.

நிர்வாகம் முதலில் முன்வைத்த திட்டம் இதுதான். செல்ல இசைபவருக்கு மூன்று மாத அடிப்படைச் சம்பளம் ஒரே தவணையில் ஊக்கத்தொகையாக வழங்கப்படும். பொருள்களை ஏற்றிச் செல்லும் செலவு, பயணச் செலவு, வீட்டு முன்பணம் எல்லாவற்றையும் அவர் அதிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தருவதாகப் பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இதை அறிவித்துப் பல வாரங்கள் ஆகியும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே கையொப்பமிட்டிருக்கிறார்கள், அவர்களும் பெரும்பாலும் திருமணமாகாத இளைஞர்கள். எங்களுக்கு மிகவும் தேவைப்படுகிற, நாற்பது வயதை ஒட்டிய மூத்த பணியாளர்கள் ஒருவர்கூட முன்வரவில்லை.

தொகையை இரட்டிப்பாக்கலாமா என்று நிர்வாகம் இப்போது யோசிக்கிறது. தொகையைக் கூட்டுவதால் மட்டும் இது தீருமா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. ஊக்கத்தொகையை எவ்வாறு வகுப்பது, வருமான வரியில் அது எப்படி நடத்தப்படும், பாண்டு சட்டப்படி செல்லுமா, மறுப்பவர்களை எப்படி நடத்துவது ஆகியவை குறித்து அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: பணியாளர் துறை (ஓய்வு)

பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் இடமாற்றப் படிகளைக் கணக்கிட்டு வழங்கும் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் திட்டத்தின் அடிப்படைக் கோளாறு தொகையின் அளவில் இல்லை. வெவ்வேறு நோக்கமுடைய இரண்டு தொகைகளை நீங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள். இடம்பெயர்வதால் ஒருவருக்கு ஏற்படும் செலவை ஈடுகட்டுவது நிறுவனத்தின் கடமை. இடம்பெயர இசைந்ததற்காக அவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதுதான் ஊக்கத்தொகை. செலவையும் அதிலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொன்னால், குடும்பத்தோடு செல்பவருக்குக் கையில் எதுவும் மிஞ்சாது, ஒரு பெட்டியோடு செல்லும் இளைஞருக்கு ஏறத்தாழ முழுத் தொகையும் மிஞ்சும். இளைஞர்கள் மட்டும் முன்வந்ததற்குக் காரணம் உங்கள் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

மத்திய அரசு இதை எப்படிக் கையாள்கிறது என்பதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2017 ஜூலையில் வெளியான ஆணையின்படி, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் மாற்றப்பட்டு வீடு மாறுகிற ஊழியருக்குக் கடைசி மாத அடிப்படை ஊதியத்தில் 80 விழுக்காடு ஒட்டுமொத்த இடமாற்ற மானியமாக வழங்கப்படுகிறது. அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு ஆகியவற்றுக்குச் செல்பவருக்கும் அங்கிருந்து வருபவருக்கும் அது 100 விழுக்காடு. இந்த மானியம் பொருள்களை ஏற்றிச் செல்வதற்கு உரியதன்று. புதிய ஊரில் திரைச்சீலை வாங்குவது முதல் எரிவாயு இணைப்பை மாற்றுவது வரையிலான, ரசீது காட்ட இயலாத சில்லறைச் செலவுகளுக்காகவே அது தரப்படுகிறது. குடும்பத்தினருக்கான பயணச் சீட்டும், வீட்டுப் பொருள்களை ஏற்றிச் செல்லும் கட்டணமும் தனி. அந்த ஆணையில் சாலை வழியாகப் பொருள் எடுத்துச் செல்ல ஊதிய நிலை 6-லும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கிலோமீட்டருக்கு 50 ரூபாய், நிலை 5-க்கு 25 ரூபாய், அதற்குக் கீழே 15 ரூபாய் என வரம்பு வகுக்கப்பட்டது. அகவிலைப்படி 50 விழுக்காடு உயரும்போதெல்லாம் இவை 25 விழுக்காடு உயரும் என்றும் சொல்லப்பட்டது. கோவையிலிருந்து சானந்துக்கு ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்ற 2017 வரம்பின்படியே 90,000 ரூபாய் ஆகிறது. உங்கள் சிஎன்சி இயக்குநரின் அடிப்படைச் சம்பளம் 24,000 ரூபாய் என்றால், நீங்கள் தரும் மூன்று மாதத் தொகை 72,000 ரூபாய். அந்தத் தொகையில் அவர் லாரியை அனுப்பி, நான்கு பேருக்குப் பயணச் சீட்டு வாங்கி, வீட்டு முன்பணமும் கட்டிவிட்டு ஊக்கம் பெற வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இன்னொரு முன்மாதிரியும் நினைவுக்கு வருகிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்படும் தொழிலாளர்களுக்காக 1979ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், மாத ஊதியத்தில் 50 விழுக்காடு அல்லது 75 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதை இடப்பெயர்ச்சிப் படியாக வழங்க வேண்டும் என்றும், அது திருப்பிப் பெறத்தக்கதன்று என்றும், ஊதியத்துக்கும் பயணப்படிக்கும் மேலாகத் தரப்பட வேண்டியது என்றும் தெளிவாகக் கூறியது. உங்கள் ஊழியர்கள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் அல்லர். அந்தச் சட்டமும் இப்போது, தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றிணைத்த புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் சென்றுவிட்டது. ஆயினும் பயணச் செலவு வேறு, ஊரை விட்டுப் பெயர்வதற்கான ஈடு வேறு, உழைப்புக்கான ஊதியம் வேறு என்று அன்றே மூன்றாகப் பிரித்து எழுதியவர்களின் தெளிவை நான் மதிக்கிறேன். உங்கள் திட்டத்தையும் அவ்வாறே பிரித்து எழுதுங்கள்.


பதில் 2: வரிக் கணக்கர், ஈரோடு

முதல் பதிலில் உள்ள பிரிவினை வரிக் கணக்கிலும் மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறேன். பல நிறுவனங்கள் இதைக் கவனிக்காமல், ஊழியருக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை வரியாகக் கட்டச் செய்துவிடுகின்றன.

இடமாற்றத்துக்கான பயணச் செலவுக்காகத் தரப்படும் படி, அதற்காக உண்மையில் செலவிடப்பட்ட அளவுக்கு வருமானத்தில் சேராது. பொருள்களைக் கட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் ஆகும் செலவும் இதில் அடங்கும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 10(14) பிரிவும் விதி 2பிபி-யும் இதைக் கூறுகின்றன. 2026 ஏப்ரல் முதல் பொருந்தும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. வீட்டு வாடகைப் படிக்கும் விடுமுறைப் பயணச் சலுகைக்கும் புதிய வரி முறையில் விலக்குக் கிடையாது என்றாலும், இடமாற்றப் பயணப்படிக்கான விலக்கு புதிய முறையிலும் உண்டு. இடமாற்றத்தின்போது நிறுவனம் விடுதியில் தங்கவைத்தால், மொத்தம் 15 நாள்கள் வரை அது வரிக்குரிய சலுகையாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கட்டணம், பயணச் சீட்டு, தொடக்க நாள்களின் தங்குமிடம் ஆகிய மூன்றையும் நிறுவனமே நேரடியாகச் செலுத்துவதோ, ரசீது பெற்றுக்கொண்டு ஈடுசெய்வதோ சிறந்தது. அதே பணத்தை ஊக்கத்தொகை என்ற பெயரில் ரொக்கமாகக் கொடுத்தால், அது முழுவதும் சம்பள வருமானமாகிவிடும்.

அடுத்து, தூய ஊக்கத்தொகையை எப்போது தருவது என்ற கேள்வி. 2025–26 நிதியாண்டின் புதிய வரி முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால், வரியையே தள்ளுபடி செய்யும் கழிவு காரணமாக வரி இல்லை. சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் 75,000 ரூபாய் நிலைக்கழிவையும் சேர்த்தால் 12.75 லட்சம் வரை சம்பளம் பெறுபவருக்கு வரி வராது. உங்கள் இயக்குநர்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்கு மிகவும் கீழே இருப்பார்கள் என்பதால், அவர்களுக்கு ஒரே தவணையில் கொடுத்தாலும் வரிச் சுமை இராது. டூல்ரூம் பொறியாளர்களின் நிலைதான் வேறு.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் சம்பளம் பெறும் மூத்த பொறியாளர் ஒருவருக்கு 1,50,000 ரூபாய் ஊக்கத்தொகையை ஒரே நிதியாண்டில் கொடுத்தால், நிலைக்கழிவு போக அவருடைய வரிக்குரிய வருமானம் 12.75 லட்சம் ஆகும். கழிவு முற்றிலும் நீங்கிவிடுவதால் 71,250 ரூபாய் வரியும் அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வையும் சேர்ந்து 74,100 ரூபாய் கட்ட வேண்டிவரும். அதாவது நிறுவனம் கொடுத்த தொகையில் ஏறத்தாழப் பாதி வரியாகப் போய்விடும். இதே தொகையை ஒரு நிதியாண்டில் 75,000, அடுத்த நிதியாண்டில் 75,000 எனப் பிரித்துக் கொடுத்தால், சம்பளம் மாறாதிருக்கும்வரை இரண்டு ஆண்டுகளிலும் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாது, வரியும் இல்லை. ஆண்டு ஊதிய உயர்வு இந்த இடைவெளியைக் குறைக்கும் என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு அவரிடம் காட்டிய பிறகே தவணைகளை முடிவுசெய்யுங்கள். சம்பளம் ஏற்கெனவே 12.75 லட்சத்தை ஒட்டியிருக்கும் ஒருவருக்கு, வரம்பை ஒட்டித் தரப்படும் ஓரச் சலுகை இருந்தும், 50,000 ரூபாய் ஊக்கத்தொகை முழுவதுமே வரியாகிவிடும். அத்தகையவருக்கு ரொக்கத்தைவிட, வரிக்கு உட்படாத செலவு ஈட்டை விரிவாக்கித் தருவதே உண்மையான பயன்.

பாண்டைப் பற்றிச் சட்டம் அறிந்தவர்கள் சொல்லட்டும். வரிப் பக்கத்தில் ஒரு சிக்கலை மட்டும் குறிப்பிடுகிறேன். டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்தம் செய்து கொடுத்த தொகையை, ஊழியர் வேறொரு நிதியாண்டில் வேலையை விடும்போது முழுமையாகத் திருப்பிக் கேட்டால், கைக்கு வராத பணத்தையும் அவர் சேர்த்துக் கட்ட நேரிடும். திருப்பித் தர வேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய தொகையா, கைக்கு வந்த தொகையா என்பது எழுத்தில் இல்லாததால் எழுந்த பூசல்களை நான் கண்டிருக்கிறேன்.


பதில் 3: சானந்துவாசி

கோவை மாவட்டத்திலிருந்து இடம்பெயர்ந்து, சில ஆண்டுகளாகச் சானந்தில் வேறொரு நிறுவனத்தில் பராமரிப்புப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். மேலாளர் அவர்களே, உங்கள் மூத்த பணியாளர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதை அவர்கள் உங்களிடம் முழுமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். தயக்கத்தில் பணத்தின் பங்கு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் அவர்களுடைய சம்பளத்தைப் பற்றியது அன்று.

முதலாவது, மனைவியின் வருமானம். கோவையில் நம்மைப் போன்ற பல குடும்பங்களில் மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியராகவோ, தையல் நிறுவனத்திலோ, மருத்துவமனையிலோ வேலை செய்கிறார். சானந்துக்கு வந்த நாளிலிருந்து அந்த வருமானம் நின்றுவிடுகிறது. குஜராத்தியும் இந்தியும் தெரியாமல் இங்கே அவருக்கு வேலை கிடைக்க நெடுநாள் ஆகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு அந்த இழப்பைக் கூட்டிப் பார்த்தால், உங்களுடைய மூன்று மாத அடிப்படைச் சம்பளத்தை அது எளிதில் மிஞ்சிவிடும். புதிய ஆலையின் அலுவலகத்திலோ, தரச் சோதனைப் பிரிவிலோ, கிடங்குக் கணக்கிலோ தகுதியுள்ள துணைவர்களுக்கு வேலை தர இயலுமா என்று பாருங்கள். இயலாதென்றால், குறைந்தது ஆறு மாதங்களுக்காவது அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளின் படிப்பு. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த நம் குழந்தைகள் பெரும்பாலும் இந்தி எழுதப் படிக்கத் தெரியாமலே இங்கே வருகிறார்கள். குஜராத் அரசு 2023-இல் இயற்றிய சட்டத்தின்படி, சிபிஎஸ்இ பள்ளிகள் உள்ளிட்ட எல்லாப் பள்ளிகளிலும் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை குஜராத்தி கற்பிக்க வேண்டும். வெளிமாநிலக் குழந்தைகளுக்கு விலக்குக் கேட்பது பற்றிச் சேர்க்கையின்போதே பள்ளியில் பேசிவிட வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு புதிய எழுத்துகளைக் கற்க நேரிடும்போது மற்றப் பாடங்களிலும் பின்தங்குவதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். பஞ்சாலைகள் செழித்த காலத்தில் வந்து குடியேறிய தமிழர்கள் வாழும் அகமதாபாத் மணிநகரில் முன்பு தமிழ்வழிப் பள்ளி இருந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்ததைக் காரணம் காட்டி 2020-இல் அதை மூடினார்கள். செலவைத் தமிழ்நாடு ஏற்கும் என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி குஜராத் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். இப்போது வருகிற குடும்பங்களுக்கு அந்த வழி இல்லை. அதனால் நிறுவனம் செய்ய வேண்டியவை இரண்டு: கல்வியாண்டின் நடுவே எவரையும் குடும்பத்தோடு வரச் சொல்லாதீர்கள், சேர்க்கைக் கட்டணத்தையும் முதல் ஆண்டின் தனிப்பயிற்சிச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் உள்ள ஊழியருக்கு, குடும்பத்தைக் கோவையில் விட்டுத் தனியாக வந்து செல்லும் வாய்ப்பையும் அதே மதிப்புள்ள திட்டமாக வகுத்துத் தாருங்கள்.

மூன்றாவது, ஊரில் இருக்கும் பெற்றோர். ராஜ்கோட் – கோயம்புத்தூர் விரைவு வண்டி அகமதாபாத் வழியாகச் செல்கிறது என்பது ஆறுதல்தான், ஆனால் அது வாரம் ஒருமுறை மட்டுமே ஓடுகிறது, பயணம் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகிறது. தந்தைக்கு நெஞ்சுவலி என்று நள்ளிரவில் தொலைபேசி வந்தால் விமானத்தில்தான் செல்ல வேண்டும், கடைசி நேரக் கட்டணம் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை குடும்பத்துக்கு ஊர் சென்றுவரும் பயணமும், பெற்றோர் தொடர்பான அவசரத்துக்கு ஒரு விமானப் பயணமும் நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுத்தில் தந்தால், அந்த ஓர் உறுதிக்காகவே பலர் மனம் மாறுவார்கள் என்று நம்புகிறேன்.

சிறு செலவுகளில் எல்லோரும் மறப்பது வண்டி. இருசக்கர வாகனத்தையோ காரையோ பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டுப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும், இங்கே சாலை வரி கட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. முடிவெடுக்கச் சொல்வதற்கு முன்பு, ஊழியரையும் அவர் துணைவரையும் நிறுவனச் செலவில் ஒருமுறை சானந்துக்கு அழைத்து வாருங்கள். வீடுகளையும் பள்ளிகளையும் மருத்துவமனையையும் அவர்களே நேரில் பார்க்கட்டும். இங்கு ஏற்கெனவே வாழும் தமிழ்க் குடும்பங்களோடு பேச வைப்பதாக இருந்தால் நானும் உடன் வருகிறேன்.


பதில் 4: தொழிற்சங்க வழக்குகள்

தொழிலாளர் தரப்பில் வழக்குகளை நடத்துபவன் என்பதால் பாண்டு, மறுப்பவர்களின் நிலை ஆகிய இரண்டைப் பற்றியும் சொல்கிறேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிப்பிடப்பட்டிருந்தாலும், நீதிமன்றம் அந்த வரம்புக்குள் நியாயமான ஈட்டை மட்டுமே வழங்கும். விஜயா வங்கி தொடர்பான வழக்கில், மூன்று ஆண்டுகளுக்கு முன் பணியை விட்டால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் செல்லுபடியாகும் என்று ஏற்றது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு, பொதுத்துறை வங்கி ஒன்று திறந்த போட்டியின் மூலம் ஆள் எடுப்பதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் கருத்தில் கொண்டது. லாரி வாடகையையும் ரயில் கட்டணத்தையும் ஊழியரிடமிருந்து திரும்பப் பெறுவதற்கு அதை அப்படியே துணைக்கு அழைப்பது பொருந்தாது என்பது என் கருத்து. செலவு ஈட்டை எந்த நிலையிலும் திருப்பிக் கேட்காதீர்கள். ஊக்கத்தொகையைப் பொறுத்தவரை, முன்கூட்டியே முழுவதும் கொடுத்துவிட்டுப் பாண்டைக் காட்டி அச்சுறுத்துவதைவிட, சேரும்போது ஒரு பகுதி, ஓராண்டு முடிவில் ஒரு பகுதி, இரண்டாம் ஆண்டு முடிவில் மீதி என்று கொடுத்துவிட்டால் பாண்டுக்கே தேவை இராது. இடையில் செல்பவர் எஞ்சிய தவணையை இழப்பார், அவ்வளவுதான். வரிக் கணக்கர் கூறிய பயனும் இதோடு சேர்ந்து கிடைக்கிறது.

மாதந்தோறும் சிறப்புப் படி தருவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். ஈட்டுப் படிகளும் பிற படிகளும், மாற்றுவதற்கு முன் முன்னறிவிப்புத் தர வேண்டிய பணி நிபந்தனைகளின் பட்டியலில் உள்ளவை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு இதற்கு 21 நாள் முன்னறிவிப்பைக் கோரியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு தொடர்கிறது. எனவே அந்தப் படி எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்பதைத் தொடக்க ஆணையிலேயே எழுதுங்கள். இரண்டு ஆண்டுகள் வாங்கிய பணம் ஒரு மாதம் திடீரென்று நின்றால், அது சம்பளக் குறைப்பாகவே தொழிலாளிக்குத் தெரியும். மற்றொன்று ஈஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. மாத ஊதிய வரம்பான 21,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒருவருக்கு மாதப் படி கொடுத்து அவரை வரம்பைத் தாண்டச் செய்தால், பங்களிப்புக் காலம் முடிந்தபின் அவரும், அவரைச் சார்ந்து கோவையில் இருக்கும் பெற்றோரும் மருத்துவப் பாதுகாப்பை இழக்க நேரிடலாம். சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ மருத்துவமனையையே நம்பியிருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். ஒவ்வொருவருடைய ஊதியச் சீட்டையும் பார்த்து முடிவெடுங்கள்.

மறுப்பவர்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் தொழிலாளியைத் தீய நோக்கத்தோடு இடமாற்றம் செய்வது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று பழைய சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையே கூறியது. புதிய தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் அது இருக்கிறது. ஊக்கத்தொகையை மறுத்தவருக்குப் பின்னர் கட்டாய இடமாற்ற ஆணை அனுப்பினால், நீங்கள் தொடக்கத்தில் கேட்டது விருப்பம் அன்று என்றாகிவிடும், எஞ்சியிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். நியமன ஆணையில் இடமாற்ற நிபந்தனை இருந்தாலும் இதை நான் அறிவுறுத்த மாட்டேன்.

எனக்குத் தெரிந்து மூத்த தொழிலாளர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சுவது, திரும்பி வருகையில் கோவையில் தங்கள் இடம் இருக்குமா என்பதைத்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே தரத்தில், அதே பணிமூப்போடு, பணிக்கொடைக்கான பணிக்காலம் இடைமுறியாமல் கோவை ஆலைக்குத் திரும்பும் உரிமையை நிர்வாக இயக்குநரின் கையொப்பத்தோடு ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதமாகக் கொடுங்கள். சங்கம் இருந்தால் அதையே ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை, ஆனால் தொகையை இரட்டிப்பாக்குவதைவிட இதுவே அதிகம் பேரை நகர்த்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

சானந்தில் புதிதாகச் சேரும் உள்ளூர்த் தொழிலாளர்களையும் மறந்துவிடாதீர்கள். பக்கத்து இயந்திரத்தில் அதே வேலையைச் செய்யும் கோவைக்காரர் ஏன் கூடுதலாகப் பெறுகிறார் என்பதற்கு நேர்மையான விடை உங்களிடம் இருக்க வேண்டும். இடப்பெயர்ச்சிக்கும் பயிற்சி அளிக்கும் பொறுப்புக்குமே அந்தத் தொகை என்று பெயரிலேயே தெரியும்படி அமையுங்கள்.


கேட்டவரின் மறுமொழி: கோவை மனிதவளம்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றை நிர்வாகக் குழுவில் அப்படியே படித்துக் காட்டினேன். தொகையை இரட்டிப்பாக்கும் யோசனை கைவிடப்பட்டுவிட்டது. லாரி, பயணம், 15 நாள் விடுதி, பள்ளிச் சேர்க்கை, வண்டி மறுபதிவு ஆகியவற்றை நிறுவனமே ஏற்பதென்றும், மூன்று மாத அடிப்படைச் சம்பளம் முழுவதும் தூய ஊக்கத்தொகையாக மூன்று தவணைகளில் தரப்படும் என்றும், பாண்டு வேண்டாம் என்றும் முடிவாகியிருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு குடும்பப் பயணங்களும் ஓர் அவசர விமானப் பயணமும் ஏற்கப்பட்டன. துணைவருக்கான ஈடு மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட நான் இசையவில்லை. திரும்பும் உரிமைக் கடிதத்தின் வரைவைச் சங்க நிர்வாகிகளிடம் கொடுத்துவிட்டோம். அதைப் படித்த டூல்ரூம் மூத்தவர் ஒருவர், மனைவியோடு சானந்தைப் பார்த்துவரச் சம்மதித்திருக்கிறார்.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. வீட்டு முன்பணத்தை வட்டியில்லாக் கடனாகத் தரலாமா, அல்லது நிறுவனமே வீடுகளைக் குத்தகைக்கு எடுத்துத் தரலாமா? பள்ளிச் செலவும் லாரி வாடகையைப் போலவே வரிக்கு உட்படாததா?


பதில் 5: வரிக் கணக்கர், ஈரோடு

வட்டியில்லாக் கடன் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், பாரத ஸ்டேட் வங்கியின் வட்டி விகிதத்தை அடிப்படையாகக் கொண்டு அது சலுகையாக மதிப்பிடப்படும். முன்பணம் சில மாதத் தவணைகளில் அடைக்கப்படும் சிறு தொகை என்பதால் அந்த மதிப்பும் சிறியதாகவே இருக்கும். நிறுவனம் வீட்டைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தால், கட்டும் வாடகை அல்லது ஊழியரின் சம்பளத்தில் 10 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அது சலுகையாகச் சேரும். ஊழியரிடமிருந்து ஏதேனும் வாடகை பிடித்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். 12 லட்சத்துக்கு வெகு கீழே இருக்கும் இயக்குநர்களுக்கு இதனால் வரி எதுவும் கூடாது. மொழி தெரியாத ஊரில் வீட்டு உரிமையாளரோடு பேரம் பேசும் சுமையும் அவர்களுக்கு இராது. ஆகவே அவர்களுக்குக் குத்தகையே நல்லது. வரம்பை ஒட்டியிருக்கும் பொறியாளர்களுக்குக் கடன் ஏற்றது.

பள்ளிச் செலவு இடமாற்றப் பயணப்படிக்குள் வராது. அதை நிறுவனம் ஏற்றால் ஊழியரின் வருமானத்தில் சேர்த்தே கணக்கிட வேண்டும். அதனால் பிள்ளைகள் உள்ள பொறியாளர்களுக்கு ஊக்கத்தொகையின் முதல் தவணையையும் பள்ளிச் சேர்க்கைக் கட்டணத்தையும் ஒரே நிதியாண்டில் சேர விடாதீர்கள். சேர்க்கை ஏப்ரலிலோ ஜூனிலோ நடக்கும் என்பதால், முதல் தவணையை மார்ச் 31-க்கு முன் கொடுத்துவிட்டால் இரண்டும் இரு ஆண்டுகளில் பிரிந்துவிடும். அதற்கு இடமாற்ற ஆணை மார்ச் மாதத்துக்குள் வெளியாகி, அவர் அந்த மாதத்திலேயே சானந்தில் பணியேற்றிருக்க வேண்டும். குடும்பம் கல்வியாண்டு முடிந்தபின் செல்லலாம்.